அழகுமுத்துவின் சதுர மீற்றர்

"மருந்து வந்து ஈக்கி அக்கா. பிரிட்ஜ்ல ஈக்கி. இனி ஒரு பயமும் இல்ல" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஜவாஹிறா மிஸ் சொன்னதும் பேச்சியம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டாள். பக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்ற அவள் புருஷன் அழகுமுத்துவும் கும்பிடப் பார்த்தான். கட்டையை விட்டால் விழுந்துவிடுவான் என்பதால் தலையை மட்டும் ஆட்டினான்.

அவன் கழுத்தில் ஒரு கட்டி. முதலில் பாக்களவு இருந்தது, இப்போது சின்னத் தேசிக்காய் அளவு. கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது கெட்ட கட்டிதான், ஆனால் மருந்துக்குக் கரையும், காலம் கடத்தினால்தான் ஆபத்து என்று சொல்லியிருந்தார். மருந்து வரவேண்டும் என்றார்கள், வந்துவிட்டது. இனி ஏற்ற வேண்டியதுதானே? அப்படித்தான் நாமெல்லாம் நினைப்போம். நமக்கு என்ன தெரியும்!

"ஒரேயொரு சின்ன வேல ஈக்கி" என்றாள் ஜவாஹிறா மிஸ். "இந்த மருந்து கூடினா ஆளையே கொன்னுரும். கொறஞ்சா கட்டி கேக்காது. அதனால ஆள்ட மேல்தோல் எத்தன சதுர மீற்றர்னு பார்த்துத்தான் குடுக்கணும். அதுக்குன்னு ஒரு சபை ஈக்கி. அங்க போய் நம்பர் வாங்கிட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேல."

பேச்சியம்மாவுக்கு வாய் திறந்தபடி நின்றது. அவள் ஆட்கள் நாலு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் கிடந்தவர்கள். ஒருத்தருக்கும் ஒரு பேர்ச் காணி கிடையாது. கொட்டாஞ்சேனையில் இப்போது குடியிருக்கும் பலகை அறையும் வாடகைதான். குடும்பத்திலேயே முதல் தடவையாகத் தன் புருஷனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சபைக்குப் பெயர் உடற்பரப்பு நிர்ணய சபை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் அதற்குத் தனிக் கட்டடம், தனி வாசல், தனிக் காவல். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த மறு வருடம் அது. சாணி லொறியைக்கூட நிறுத்திக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். ஒற்றைக் காலோடு ஒரு தமிழன் வந்தால் விடுவார்களா?

"ககுல கோ?" என்றார் வாசலில் நின்ற சார்ஜன்.

கால் எங்கே என்று கேட்கிறார். கேட்கவேண்டியதுதான். யுத்த காலத்தில் காலைத் தொலைத்தவன் எங்கே நின்று தொலைத்தான் என்பது பெரிய கேள்வி.

"லொறி மஹத்தயா, லொறி!" என்று பதறினாள் பேச்சியம்மா. "லூனு லொறி!"

உண்மையும் அதுதான். அழகுமுத்து புறக்கோட்டையில் நாட்டாமை, மூட்டை தூக்குகிறவன். பெரிய வெங்காயம் ஏற்றி வந்த லொறி ஒன்று பின்னுக்கு எடுத்தபோது இடது கால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. தொடையோடு எடுத்துவிட்டார்கள். ஏழு வருடம் முந்தின கதை. கண்ணிவெடியில் போயிருந்தால்கூட ஒரு கௌரவமாகச் சந்தேகப்பட்டிருப்பார்கள். வெங்காயம் என்றதும் சார்ஜனுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் கட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், காதோடு வைத்துக் கேட்டார். பிறகு அதைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டார். கட்டை உள்ளே போகக்கூடாதாம், ஆள் போகலாமாம்.

"கட்ட இல்லாம இவரு எப்பிடிங்க மாத்தயா நடப்பாரு?"

"கட்டைக்கி பதிவு இல்ல. ஆளுக்கி பொலிஸ் பதிவு இருக்கிதானே? ஆள் போ."

அன்றைக்குத் தொடங்கி அந்தக் கட்டடத்துக்குள் போகும்போதெல்லாம் பேச்சியம்மாவே அவனுக்குக் கட்டையாகிவிட்டாள். அவள் தோளில் தொங்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அழகுமுத்து தன் சதுர மீற்றரைத் தேடிப் போனான்.

உள்ளே அளவீட்டு உத்தியோகத்தர் ஒஸ்வால்ட் இருந்தார். வத்தளை ஆள், கழுத்தில் தையல்காரர் நாடா. அவர் உயரத்தைச் சுவரில் சாத்திப் பார்த்தார். எடைக்குத்தான் தட்டுப்பாடு. சபையின் தராசைப் பாதுகாப்புப் படையினர் வருகிற பார்சல்களை நிறுக்கவென்று எடுத்துப்போய்விட்டார்களாம். சமையல் கட்டில் அரிசி நிறுக்கிற பெரிய தராசு இருக்கிறது, ஆனால் அரிசி இறக்கி முடிந்த பிறகுதான் மனுசரை நிறுக்கலாம் என்றார்.

அரிசி இறக்கி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அடுப்புப் புகையில் இருந்தார்கள். ஒருகாலத்தில் தன் முதுகில் ஏறிய சம்பா மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தனக்கு முன்னால் தராசில் ஏறி இறங்குவதை அழகுமுத்து வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனை ஏற்றினார்கள்.

"ஆண்டவரே! மூட்டையிலயும் கொறவா இருக்கிறானே இந்த மனுசன்" என்றார் ஒஸ்வால்ட்.

"நான் காலி சாக்குங்க ஐயா" என்றான் அழகுமுத்து.

உயரமும் எடையும் கிடைத்தாயிற்று. இனி என்ன? ஒரு படம் இருக்கிறதாம். படத்தின் இடப்பக்கம் உயரக் கோடு, வலப்பக்கம் எடைக் கோடு. இரண்டிலும் முட்டுகிற மாதிரி, கோடு போடுகிற ஓர் அடிமட்டத்தை வைத்தால் நடுக்கோட்டில் எங்கே வெட்டுகிறதோ அதுதான் ஆளின் பரப்பு. பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற வேலை. ஆனால் படம் ஆஸ்பத்திரியில் இல்லை. குண்டு வெடித்தால் கண்ணாடி உடைந்துவிடும் என்று சபைத் தலைவர் டொக்டர் சிவபாதசுந்தரம் அதை வெள்ளவத்தையில் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். நோயாளிகள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்கள்.

வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் போவதற்குள் மூன்று இடத்தில் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் பெரிய வீடு. கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு ஒரு மாலை, பக்கத்தில் அந்தக் கோட்டுப் படத்துக்கும் ஒரு மாலை. பேச்சியம்மா எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் கும்பிட்டாள்.

"இஞ்ச பாரும்" என்று தொடங்கினார் டொக்டர் சிவபாதசுந்தரம். ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்வு எடுக்காதவர். "மருந்து எங்கயிருந்து வருது? லண்டனிலயிருந்து கப்பலில வருது. நோயாளி எங்கயிருந்து வாறான்? கொட்டாஞ்சேனையிலயிருந்து பஸ்ஸில வாறான். இப்ப நீரே சொல்லும், எதை நாங்கள் கவனமாப் பாக்கவேணும்?"

பேச்சியம்மா தலையாட்டினாள்.

"அதுதான்! விளங்கிற ஆள் நீர். இந்தச் சபை தொடங்கி ஆறு வருஷம். பிழையான அளவில ஒரு ஆளுக்குக்கூட நாங்கள் மருந்து குடுக்கேல்லை. ஒரு ஆளுக்குக்கூட!"

"சரியான அளவுல எத்தன பேருக்குங்க ஐயா குடுத்தீங்க?"

"அது வேற கேள்வி" என்றார் டொக்டர்.

வெல்வெட் பெட்டியைத் திறந்து ஓர் அடிமட்டத்தை வெளியே எடுத்தார். படத்தில் உயரத்தைத் தொட்டார், எடையைத் தொட்டார். நடுக்கோட்டை வாசிக்கக் குனிந்தவர், சோபா ஓரத்தில் அழகுமுத்து உடுத்திருந்த சாரம் ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கே இவற்ற மற்றக் கால்?"

மறுபடியும் லொறி, மறுபடியும் வெங்காயம்.

"அப்பிடியெண்டால் இந்தப் படம் உங்களுக்குச் சரிவராது. இது ரெண்டு கால் உள்ள மனுசருக்குக் கீறினது. எடின்பரோவில கீறினவங்கள், அவங்களுக்கு எல்லாருக்கும் ரெண்டு கால்." அடிமட்டம் பெட்டிக்குள் போய்விட்டது. "நேரடி அளவை செய்யவேணும். முந்தின காலத்தில பெரிய பெரிய விஞ்ஞானிகள் செய்த முறை. மேல் முழுக்கக் கடதாசி ஒட்டி, காஞ்சாப்போல வெட்டி எடுத்து, நிலத்தில விரிச்சு அளக்கிறது. இருக்கிற காலை அளந்து ரெண்டால பெருக்குவம். இந்த நாட்டில இன்னும் ஒருத்தருக்கும் செய்யேல்லை. உம்மட மனுசன் குடுத்து வைச்சவர்!"

"ஐயா, கட்டி பெருசாகிட்டே வருதுங்க. சோறு எறங்க மாட்டேங்குது. மருந்து அங்க பிரிட்ஜ்ல சும்மாதான் கெடக்குதுன்னாங்க."

"சும்மா கிடக்கிற மருந்து பழுதாகாது அம்மா" என்று தேற்றினார் டொக்டர். "ஏத்தினால்தான் முடிஞ்சு போகும்."

கடதாசி ஒட்டுகிற வைபவம் ஆஸ்பத்திரிச் சலவை அறையில் நடந்தது. ஒஸ்வால்ட் வீட்டிலிருந்து பழைய தமிழ்ப் பேப்பர் ஒரு கட்டும், கோதுமை மாப் பசை ஒரு வாளியும் கொண்டுவந்திருந்தார். அழகுமுத்துவை ஒரு ஸ்டூலில் குந்தவைத்து, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் நனைத்து நனைத்து ஒட்டினார்கள். முகத்தை விட்டுவிட்டார்கள். முகம் அடையாள அட்டையில் இருக்கிறது, அதைப் பார்த்துக் கணக்குப் பண்ணலாம் என்று தலைவர் சொல்லிவிட்டாராம்.

ஈரப் பேப்பரோடு விசிறிக்குக் கீழே அவன் வெடவெடவென்று நடுங்கினான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பேச்சி, எம் மேல என்னா நியூஸ் போட்டிருக்கு, படி பார்ப்போம்."

பேச்சியம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். நெஞ்சில் பெரிய சண்டை, எத்தனையோ பேர் பலி. தோளில் மரண அறிவித்தல்கள். தொடையில் மணமகள் தேவை. வயிற்றில் மட்டும் ஓர் எழுத்தும் இல்லை. தணிக்கைக்காரர்கள் வெட்டிவிட்டு வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

"வயித்துல ஒண்ணுமே இல்லைங்க."

"அது சரியான நியூஸ்தான் புள்ள" என்று அவன் சிரித்தான். சிரித்ததில் நெஞ்சுப் பேப்பர் கிழிந்தது. ஒஸ்வால்ட் ஏசிக்கொண்டே மறுபடி ஒட்டினார்.

காய்ந்ததும் கத்தரிக்கோலால் வெட்டி உரித்தார்கள். ரோமமும் கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்தது. ஒஸ்வால்ட் அதில் துண்டுக்குத் துண்டு பென்சிலால் இலக்கம் போட்டு, மிச்ச ஈரம் காயட்டும் என்று வெள்ளைச் சீலைகளோடு கொடியில் போட்டார். விரித்துப் போட்ட அழகுமுத்து காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தான். பேச்சியம்மாவுக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா சார்ஜன் சுற்றிப் பார்க்க வரவேண்டும்!

வந்தவர் கொடியைப் பார்த்தார். பெரிய கடதாசி. ஓரமெல்லாம் வளைவு நெளிவு. மேலே வடக்குப் பக்கமாக ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கிறது, அது இடது கை. உள்ளே முழுக்கத் தமிழ் எழுத்து, அங்கங்கே பென்சிலில் இலக்கம். அவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

"மேப்!"

"சேர், இது மேப் இல்ல சேர், இது மனுசன்!" என்று ஒஸ்வால்ட் அலறினார்.

"மனுசன் எண்டா ஏன் நம்பர் போட்டிருக்கி? மே மொகக்த, இது என்ன, இந்த எடத்தில ஒண்டும் எழுதி இல்ல?"

"அது வயிறு சேர்."

"வயிறு? இங்கதான் கேம்ப்" என்றார் சார்ஜன்.

அன்றைக்கே அழகுமுத்துவின் தோலைச் சுருட்டிக் கட்டி, ஜீப்பில் ஏற்றி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒஸ்வால்டையும் கூட்டிப்போனார்கள். இந்தப் பிரதேசத்துக்குள் போகிற வழி எது, வருகிற வழி எது என்று கேட்டார்களாம். வாயும் மற்றதும்தான் சேர் என்று சொல்லி அடி வாங்கிக்கொண்டு வந்தார்.

சபை கூடியது. அளவு இருந்த கடதாசி பாதுகாப்புத் தரப்பிடம் இருக்கிறது. அது திரும்பி வராமல் பரப்பைத் தீர்மானிக்க முடியாது. இன்னொரு தடவை ஒட்டலாம்தான். ஆனால் ஆள் இதற்குள் இன்னும் மெலிந்துவிட்டான். இரண்டாவது அளவு முதலாவது அளவோடு ஒத்துவராது, ஒத்துவராவிட்டால் எது சரியென்று தீர்மானிக்க வேறொரு சபை வேண்டும். எனவே பொறுத்திருப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பொறுத்திருக்கிற வேலையை அழகுமுத்துவிடம் கொடுத்தார்கள்.

சபைக் கட்டடத்தில் நடந்த ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேச்சியம்மா போனாள். பரப்புத் தெரியாத ஆளுக்குக் கட்டில் கிடையாது, மருந்து கிடையாது. ஆனால் பார்க்கலாம். கிளினிக் முடிகிற நேரம் ஜவாஹிறா மிஸ் பிரிட்ஜைத் திறந்து காட்டுவாள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து பரப்புக்குக் காத்திருக்கிற அத்தனை பேரும் வரிசையில் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

"இந்தா, ரெண்டாவது தட்டுல ஈக்கிறது உங்கட மருந்துதான். நல்லாப் பாத்துக்கங்க" என்பாள். சொல்லும்போது அவள் கண் கலங்கும். பிறகு பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

முதலில் நின்றுகொண்டு பார்த்த அழகுமுத்து, பிறகு குந்தியிருந்து பார்த்தான். கடைசித் தடவை பேச்சியம்மா அவனைக் கைப்பிள்ளை மாதிரித் தூக்கிக் காட்டினாள். பெரிய ஆள்தான், ஆனால் தூக்க முடிந்தது. பிரிட்ஜ் காற்று முகத்தில் பட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"குளுகுளுன்னு இருக்கு புள்ள. நம்ம தோட்டத்துப் பனி மாதிரி" என்றான். அதற்குமேல் அவன் அங்கே வரவில்லை.

கொட்டாஞ்சேனைப் பலகை அறையில், விடியும்போது போய்ச் சேர்ந்தான். அக்கம்பக்கத்தார் வந்து குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில் சபையிலிருந்து ஆள் வந்து நின்றது. முடிவு தயாராம், உடனே வரட்டாம். பேச்சியம்மா ஏன் போனாள் என்று கேட்காதீர்கள். இத்தனை நாள் கூப்பிட்டபோதெல்லாம் போய்ப் பழகிய கால் அது. போய்விட்டது.

டொக்டர் சிவபாதசுந்தரம் நடு மேசையில் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாரும் அம்மா, வாரும். தீர்மானிச்சிட்டம்! கடதாசி இன்னும் வரேல்லைத்தான். ஆனா ஒஸ்வால்ட் மனதில வைச்சிருந்த கணக்கை வைச்சு முடிச்சிட்டம். உம்மட மனுசன் ஒண்டு தசம் நாலு சதுர மீற்றர். ரெண்டு காலோட. இல்லாத காலுக்குரிய மருந்தைப் பிரிச்சுத் தனிப் போத்தலில வைக்கச் சொல்லியிருக்கிறன். அது அந்தக் காலின்ர உரிமை. நாங்கள் ஒருத்தற்ற பங்கிலயும் கை வைக்கமாட்டம்."

"அவரு காலையில போயிட்டாருங்க ஐயா" என்றாள் பேச்சியம்மா.

ஒஸ்வால்ட் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க போனவர்?"

"செத்துப் போயிட்டாருங்க."

"ஓ." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "பாத்தீரே? அவசரப்பட்டு அண்டைக்கே ஏத்தியிருந்தால் அவ்வளவு மருந்தும் அவரோட போயிருக்கும்! இப்ப ஒரு சொட்டு வீணில்லை. அப்பிடியே இருக்கு. இதுதான் இந்தச் சபையின்ர சேவை. வெளியில சனத்துக்கு இது விளங்குதில்லை." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒரேயொரு சிக்கல். அவற்ற பங்கு இனி அடுத்த ஆளுக்குப் போகும். காலின்ர பங்கை என்ன செய்யிறது? கால் செத்ததுக்கு உம்மட்ட ஏதும் அத்தாட்சி இருக்கோ?"

"இல்லைங்க ஐயா. காலு முன்னாடியே போயிருச்சுங்க."

"அப்ப அது பிரிட்ஜில இருக்கட்டும்" என்றார் தலைவர். சபை கலைந்தது.

பேச்சியம்மா அங்கே அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசத் தெரியாதவள் இல்லை, குழாயடியில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷனைச் சுடலைக்கு எடுத்தாள்.

எட்டாம் நாள் காரியம் முடிந்தபிறகு கட்டை ஞாபகம் வந்தது. கடைசித் தடவை தூக்கிக்கொண்டு வெளியே வந்த பதற்றத்தில் அது வாசலிலேயே நின்றுவிட்டது. கேட்டுப் போனாள். சார்ஜன் கட்டையை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு நீளச் சுருளையும் கொடுத்தார். அழகுமுத்துவின் தோல். மேலிடம் திருப்பி அனுப்பியிருந்தது. வயிற்றில், அந்த வெள்ளை இடத்தில், இது வரைபடம் அல்ல என்று மூன்று மொழியிலும் முத்திரை குத்தியிருந்தார்கள்.

ஒரு கையில் கட்டை, மறு கையில் சுருள். கொட்டாஞ்சேனைக்குத் திரும்புகிற முனையில் காவல் தடை. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். மழை தூறத் தொடங்கியிருந்தது. மீசை முளைத்தும் முளைக்காத ஒரு சிப்பாய் துப்பாக்கிக் குழலால் சுருளைத் தொட்டான்.

"மொகக்த மே?"

பேச்சியம்மா அவனைப் பார்த்தாள். என்னவென்று சொல்வது? பேப்பர் என்றால் என்ன பேப்பர் என்பான். மருந்துக்கு அளந்தது என்றால் எந்த மருந்து என்பான்.

"மகே மஹத்தயா" என்றாள். என் புருஷன்.

சிப்பாய் சிரிக்கவில்லை. சுருளை அவிழ்த்து பஸ்ஸின் பக்கத் தகட்டோடு விரித்துப் பிடிக்கச் சொன்னான். அவள் கட்டையை பஸ்ஸோரம் சாத்திவிட்டு இரண்டு கையையும் அகட்டிப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு, வயிறு, இரண்டு கை, ஒரு கால். மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தான்.

"ஐடி கோ?"

அவள் நாடியால் சுருளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மார்புக்குள் கைவிட்டு அழகுமுத்துவின் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். சிப்பாய் அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்தான். முகமில்லாத கடதாசியைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள்.

"ஹரி, யன்ன" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துக் கையைக் காட்டினான். சரி, போகலாம்.

பேச்சியம்மா புருஷனை மழை படாமல் சுருட்டி முந்தானைக்குள் வைத்து, கட்டையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். இத்தனை நாளில் அழகுமுத்துவைப் பார்த்தவுடன் சரியென்று விட்ட ஒரே உத்தியோகத்தன் அந்தப் பொடியன்தான். காலைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.